பலகையின் இரண்டாம் பெயர்

விதர்ஸ் கிரீன் கூஸ்பெரிக் கழகத்தின் வெற்றிப் பலகையைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக்கில் அச்சடித்த புதிய பலகை ஒன்றை மாட்டப்போகிறார்களாம். அதில் வென்றவரின் பெயர் மட்டுமே இருக்குமாம். பெயருக்கு முன்னால் ‘முதலிடம்’ என்றொரு சொல் நிற்குமாம். புதிய செயற்குழு இதனை முன்னேற்றம் என்கிறது. ஊர்ப் பள்ளியில் ஆசிரியனாக இருந்து, பழைய பலகையில் பல்லாண்டு எழுத்துத் தீட்டியவன் நான். இது முன்னேற்றமன்று, இலக்கணக் கேடு என்கிறேன்.

எங்கள் பலகையின் ஒவ்வொரு வரியும் ஒரு முழு வாக்கியம். எழுவாய் உண்டு; பயனிலை உண்டு; செயப்படுபொருளும் உண்டு. இன்னார் இன்னாரைப் ‘பெஸ்ட்டெட்’ என்று எழுதியிருக்கும். மிகச் சிறந்தது என்று பொருள்படும் ‘பெஸ்ட்’ என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அதுவே ‘விஞ்சினார்’ என்ற பொருளில் வினையாகவும் நிற்கும் என்பதையும், அவ்வாறு நிற்கும்போது எதிரில் ஓர் ஆள் வேண்டும் என்பதையும் செய்தித்தாள் எழுதுகிறவர்கள் மறந்துவிட்டார்கள். ஒருவர் மலையைப் ‘பெஸ்ட்டெட்’ என்று எழுதுகிறார்கள், இன்னொருவர் மழையை. சென்ற வாரம் விளையாட்டுப் பக்கத்தில் ஓர் ஆட்டக்காரர் தம் சொந்த முதுகுவலியையே ‘பெஸ்ட்டெட்’ ஆம். மலை போட்டிக்கு வரவில்லை. முதுகுவலி பெயர் கொடுக்கவில்லை. வெல்லும் வல்லமை உள்ள ஒருவன் தன் முழு வலுவோடு எதிரே நிற்க, அவனிலும் மேலாக நாம் ஒன்றைச் செய்து காட்டினால்தான் அவ்வினை பொருந்தும். இது தெரிந்தவர்கள் ஆகையால்தான் கழகத்தைத் தொடங்கியவர்கள், இரண்டாவதாக வந்து தோற்றவர் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள்.

அந்தப் பலகையில் இருக்கும் ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்குரிய இருவரும் இன்று உயிரோடு இல்லை. பால் லாரி ஓட்டிய நாரிஸ் ஹல்ஸ் இதனை எனக்குச் சொன்னார்; தாம் இறப்பதற்கு முந்தைய கோடையில் எழுதவும் சொன்னார்.

அகராதிகள் கூஸ்பெரியை நெல்லிக்காய் என்று பெயர்த்து வைத்திருக்கின்றன. நெல்லிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது இடுப்பளவு முட்செடி. கனியின் தோல் கண்ணாடி போன்றது, உள்ளே ஓடும் நரம்பும் விதையும் வெளியே தெரியும். கடைக்குப் போகும் கனி கோலிக்குண்டு அளவு. எங்கள் ஊரார் போட்டிக்கு வளர்க்கும் கனி கோழி முட்டையோடு போட்டியிடும். செடியில் நாலைந்து காய்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். பறவை கொத்தாமல் இருக்க வலைக்கூண்டு. வெயிலுக்கும் மழைக்கும் பழைய குடை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேநீர்ச் சாசர் ஒன்றில் நீர் நிரப்பி, கனியின் மூக்கு அந்த நீரைத் தொடும்படி அடியில் வைப்பார்கள். இதற்குப் பாலூட்டுதல் என்று பெயர்.

பாலூட்டுவதில் கிளெம் கின்சிக்கு இணை யாரும் இல்லை. ரயில் நிலையத்தில் சிக்னல் இழுத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியாக வாழ்ந்தவர். பலகையில் முதற்பெயராக அவர் திரும்பத் திரும்ப வருவார். அவர் வென்றதாக எழுதப்பட்ட வரிகளில் பாதிக்கு மேல் செயப்படுபொருளாக நிற்பவர் நாரிஸ் ஹல்ஸ். நாரிஸ் ஒருமுறைகூட எழுவாயாக நின்றதில்லை.

எங்கள் கழகத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. நான் ஏணியில் ஏறிப் புதிய வரியைத் தீட்டும்போது, தோற்றவர் கீழே நின்று வண்ண டப்பாவைப் பிடிக்க வேண்டும். ஆண்டுதோறும் நாரிஸ்தான் பிடிப்பார். வெற்றிக்குப் பரிசு ஒரு செம்புக் கெட்டில். நாரிஸின் மனைவி தெல்மா, சமையலறைச் சுவரில் கெட்டிலுக்காக ஒரு கொக்கியை அடித்து வைத்திருந்தார். அது எத்தனையோ கோடைகளாக வெறும் கொக்கியாகவே இருந்தது.

நான் சொல்லும் ஆண்டு கடும் வறட்சி. தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கக் கூடாதென்று தடை. குளித்த நீரை வாளியில் அள்ளிப் போய்ச் செடிக்கு ஊற்றினோம். காய்கள் சிறுத்துப்போயின. இரண்டு தோட்டங்களில் மட்டும் பெரிய கனிகள் இருப்பதாகப் பேச்சு.

கனிகளைப் போட்டிக்கு முந்தைய நாள் பறித்து, பெட்டியில் வைத்து, நூலால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரையிட வேண்டும். பறிக்கும்போது சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். அந்தச் சாட்சி, போட்டியில் எதிரியாக நிற்பவராகவே இருக்க வேண்டும். நண்பன் கண்ணை மூடிக்கொள்வான். எதிரி மூடமாட்டான் என்று எண்ணினார்கள். முன்னொரு காலத்தில் சாட்சி ஒருவர் “பாத்து!” என்று கத்தப்போய், வளர்த்தவர் கை உதறி, கனி வெடித்து, இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தின. அன்று முதல் வலைக்கூண்டின் கதவைத் தாண்டினால், பெட்டியின் மேல் அரக்கு இறுகும் வரை, சாட்சி வாய் திறக்கக் கூடாது. அரக்கு இறுகிய பின் பேசலாம். பறித்ததில் குறை தெரிந்தால், சூரியன் மறைவதற்குள் முத்திரையை உடைத்து வேறு கனியைப் பறிக்கலாம். விதி அவ்வளவே.

வெள்ளிக்கிழமை பிற்பகல் முதலில் நாரிஸின் தோட்டத்தில் பறிப்பு நடந்தது. கிளெம் சாட்சியாக வந்தார். கனியைப் பார்க்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். முடிச்சை விரலால் தடவிச் சரிபார்த்தார். கிழவர் தோரணை காட்டுகிறார் என்றே நாரிஸ் நினைத்தார். பெட்டி முத்திரையிடப்பட்டது. நாரிஸ் வளர்த்தவற்றிலேயே மிகப் பெரிய கனி அதற்குள் இருந்தது.

பிறகு இருவரும் கிளெமின் தோட்டத்துக்கு நடந்தார்கள். கூண்டின் கதவருகே கிளெம் நின்றார்.

“என்னடா நாரிஸ், டப்பா பிடிக்கக் கை பழகிருச்சா, இல்ல இந்த வருஷமும் நான் சொல்லித் தரணுமா?”

“இந்த வருஷம் நீ பிடிப்ப, கிழவா. கை நடுங்காம மட்டும் பாத்துக்க. மாஸ்டர் மூஞ்சில பெயிண்ட் தெறிச்சா ஒரு மணி நேரம் இலக்கணம் நடத்துவாரு.”

“நடுங்கவா? எக்ஸ்பிரஸ் வண்டிய நிறுத்தின கைடா இது. சரி, உள்ள வா. இனிமே நீ ஊமை.”

கதவு திறந்தது. உள்ளே ஒரே ஒரு செடி நாரிஸின் கண்ணை இழுத்தது. தாழ்ந்த கிளை ஒன்றில், இலைக்கு அடியில், மஞ்சள் கனி ஒன்று தொங்கியது. அப்படிப்பட்ட ஒன்றை அவர் அதுவரை கண்டதில்லை. மாலை வெயில் அதனுள் புகுந்து, நரம்பு நரம்பாகப் பிரித்துக் காட்டியது. பெட்டிக்குள் தாம் வைத்துவிட்டு வந்த கனி அந்த நொடியே சுருங்கிப்போனதாக அவருக்குத் தோன்றியது. மறுபடியும் டப்பாதான் என்று எண்ணிக்கொண்டார்.

கிளெம் மண்டியிட்டார். கத்தரிக்கோலை வாயில் கவ்விக்கொண்டு, தரையைத் துழாவி, சாசரைக் கண்டுபிடித்தார். சாசரின் விளிம்பைத் தொட்டு, அதிலிருந்து மேலே விரலை உயர்த்தி, அங்கே தொங்கிய கனியை உள்ளங்கையில் ஏந்தினார்.

அது வேறு கனி. நல்ல கனிதான், ஆயினும் அந்தப் பெரிய கனியன்று. காய்ந்த மண்ணில் சாசர் இழுபட்ட தடம் தெளிவாக இருந்தது. பக்கத்தில் முள்ளெலியின் எச்சம். வறட்சியில் தாகம் தாங்காத முள்ளெலி ஏதோ வலைக்கடியில் நுழைந்து, நீரைக் குடிக்கும்போது சாசரைப் பக்கத்துக் கிளைக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. பெரிய கனி, ஒரு முழத்துக்கும் குறைந்த தொலைவில், கிளெமின் காதோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

கண் உள்ள எவனும் அதைத் தவறவிடமாட்டான். சாசரை வைத்துத்தான் கிளெம் கனியைத் தேடுகிறார் என்பது அப்போதுதான் நாரிஸுக்கு விளங்கியது. திருப்பி வைத்த முகம், தடவிப் பார்த்த முடிச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. வாழ்நாள் முழுவதும் சிவப்பையும் பச்சையையும் பார்த்துச் சம்பளம் வாங்கிய மனிதருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை.

கத்தரி மூடியது. கனி, காம்போடு, ஆட்டுரோமம் பரப்பிய பெட்டிக்குள் போயிற்று.

சாட்சி பேசக் கூடாது. நாரிஸ் பேசவில்லை. விதியைக் காத்தார். கிளெம் நூலைச் சுற்றி, தீக்குச்சி கிழித்து, அரக்கை உருக்கினார். அது முடிச்சுக்குச் சற்றுத் தள்ளியே சொட்டியது. அதன்மேல் சாட்சி கட்டைவிரலை அழுத்த வேண்டும். சூடு தணிந்த பிறகே அழுத்துவது வழக்கம். நாரிஸ் காத்திருக்கவில்லை. சட்டென்று அழுத்தினார். தோல் வெந்தது. எதற்காக அவ்வளவு அவசரம் என்று பிறகு பல இரவுகள் தம்மைத் தாமே கேட்டதாக என்னிடம் சொன்னார். விடை தெரிந்தே கேட்டிருக்கிறார்.

அரக்கு இறுகிற்று.

“இப்பப் பேசலாம்டா. எப்படி இருக்கா என் மஞ்சக்காரி?”

“நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கா? அவ்வளவுதானா? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பேசுற. ஜூன் மாசத்துலேருந்து தாய் மாதிரி ஊட்டினேன் அவளுக்கு.”

“பெருசாத்தான் இருக்கு, கிளெம்.”

“வயித்தெரிச்சல்! குரலே கம்மிப்போச்சு பாரு.” கிளெம் சிரித்தார். “டீ குடிச்சிட்டுப் போறியா?”

“வேணாம். தெல்மா காத்திட்டிருப்பா.”

சூரியன் அப்போது மாதா கோவில் கோபுரத்துக்கு மேலேயே இருந்தது. ஒரு சொல் போதும். “பக்கத்துக் கிளையைப் பாரு” என்றால் போதும். விதி அவர் வாயை மூடியது அரக்கு இறுகும் வரைதான். அதற்குப் பின் மூடியவர் அவரே. வாயிற்கதவு வரை நடந்தார். அங்கே ஒருமுறை திரும்பினார். கிளெம் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவு இருக்கும் பக்கத்துக்குச் சற்று விலகிய ஒரு திசையில் கையசைத்துக்கொண்டிருந்தார்.

அன்று தெல்மா, மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பண்டமும் ஊறுகாயும் வைத்திருந்தார். நாரிஸ் தொடவில்லை.

“என்ன ஆச்சு உங்களுக்கு? பயமா? கையில என்ன கொப்புளம்?”

“அரக்கு.”

“அந்தக் கிழவரோடது எப்படி? நம்மளோடதவிட பெருசா?”

நாரிஸ் தட்டைப் பார்த்தார். “பெட்டில வச்சது அப்படி ஒண்ணும் பெருசில்ல” என்றார். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தெல்மா எழுந்துபோய், கொக்கியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார்.

சனிக்கிழமை காலை நான் வீட்டு வாசலில் வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தேன். நாரிஸ் வந்து வேலியருகே நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

“மாஸ்டர், ஒரு சந்தேகம். பலகைல எழுதுறீங்களே அந்த வார்த்தை. அதுக்குச் சரியா என்ன அர்த்தம்?”

வியப்பாக இருந்தது. எங்கள் ஊரில் எவரும் என்னிடம் பொருள் கேட்டு வந்ததில்லை. கேளாமலே நான் சொல்வது வழக்கம்.

“எதிரே நிற்பவனை விஞ்சுவது” என்றேன். “அவனும் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்திருக்க வேண்டும். நோயில் படுத்தவனை ஓட்டத்தில் முந்தினால் அந்த வினையைப் போடக் கூடாது. வழி தவறிப் போனவனை முந்தினாலும் போடக் கூடாது. முந்தினான் என்று எழுதலாம். முதலில் வந்தான் என்று எழுதலாம். ‘பெஸ்ட்டெட்’ என்று எழுதினால் அடித்துத் திருத்துவேன்.”

“விதிப்படி எல்லாம் சரியா நடந்திருந்தா?”

“விதி வேறு, நாரிஸ். சொல் வேறு. விதி கையைக் கட்டும், அவ்வளவே; சொல்லுக்கோ நடந்தது மெய்யாக இருக்க வேண்டும்.”

“அப்ப வேற வார்த்தை ஏதாவது போட முடியுமா, ஒரு வருஷத்துக்கு மட்டும்?”

“நான் இருக்கும் வரை முடியாது” என்றேன். பலகையின் ஒருமைப்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பேன் போலும். நிமிர்ந்து பார்த்தபோது அவர் தெருவின் பாதியில் போய்க்கொண்டிருந்தார்.

பலகை மாட்டியிருந்த கிரவுன் மதுவிடுதியின் மாடிக்கூடத்தில் பிற்பகல் எடை போட்டார்கள். மருந்துக்கடை வெனபிள்ஸின் தராசு. ஒரு கோதுமை மணியின் வேறுபாட்டையும் காட்டும். பெட்டிகளின் முத்திரைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. முதலில் சிறிய கனிகள், சிரிப்பும் கேலியும்.

“இது கனியா, மாத்திரையா? வெனபிள்ஸ், சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?”

கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. கிளெமின் கனி ஒரு தட்டில்; நாரிஸின் கனி மறு தட்டில். முள் ஊசலாடி, நாரிஸின் பக்கம் சாய்ந்து நின்றது. வேறுபாடு இரண்டு கோதுமை மணி அளவுதான்.

கூடம் அதிர்ந்தது. பெஞ்சுகளின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். கிளெம்மை எல்லாருக்கும் பிடிக்கும். எனினும் நாரிஸ் டப்பா பிடித்த கோடைகளை எல்லாரும் பார்த்தவர்கள். தெல்மா முந்திக்கொண்டு போய்க் கெட்டிலை வாங்கிவிட்டார். அழுதுகொண்டே அதன் மூக்கைத் தம் ஆடையால் தேய்த்தார். நாரிஸின் முதுகில் விழுந்த ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தலை குனிந்துகொண்டே போயிற்று. அடக்கம் என்று நினைத்தோம்.

“டப்பா! டப்பா!” என்று கூச்சல் எழுந்தது.

கிளெம் எழுந்தார். மேசை விளிம்பைத் தொட்டுக்கொண்டே வந்து ஏணியடியில் நின்று, டப்பாவைத் தூக்கிப் பிடித்தார். “எடுங்க மாஸ்டர். அழகா எழுதுங்க. என் பேரைத் தப்பில்லாம எழுதுங்க, இந்தப் பக்கத்துல அது அதிகம் நின்னதில்ல” என்றார். சிரித்தார்கள். நான் தூரிகையை நீட்டினேன். டப்பா ஒரு சாண் தள்ளி இருந்தது. நானே குனிந்து தோய்த்துக்கொண்டேன்.

நாரிஸ் ஹல்ஸ் என்று எழுதினேன். பிறகு வினையை எழுதினேன். கடைசி எழுத்தின் வாலை இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நாரிஸின் குரல் கேட்டது.

“நிறுத்துங்க மாஸ்டர்!”

கூடம் திகைத்து, அடுத்த கணம் சிரித்தது. “இன்னும் பெருசா எழுதச் சொல்றான்டா!” என்று ஒருவர் கத்தினார். நாரிஸ் ஏணிக்கு ஓடி வந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாயைத் திறந்தார். கிளெம் ஒரு கையில் டப்பாவோடு, மறு கையால் நாரிஸின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ சொன்னார். ஏணி மேல் இருந்த எனக்குக் கேட்கவில்லை. சொன்னது இது என்று பிறகு அறிந்தேன்:

“நேத்துச் சாயங்காலம் உனக்கு வாய் இருந்துச்சு. அப்பத் திறக்காத வாய இப்பத் திறந்தின்னா, எனக்குக் கண்ணு தெரியலன்னு ஊரே தெரிஞ்சுக்கும். அந்த உரிமை உனக்கில்ல. மூடிக்க.”

நாரிஸ் நின்றார். கூடம் காத்திருந்தது. எழுவாயும் வினையும் மட்டும் ஈரமாக மின்னின.

“ஒண்ணுமில்ல” என்றார். “எழுதுங்க.”

கிளெமென்ட் கின்சி என்று எழுதி முடித்தேன்.

ஞாயிறு வழிபாடு முடிந்ததும் நாரிஸ், தெல்மாவிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு, கிளெமின் தோட்டத்துக்குப் போனார். கிளெம் கூண்டின் உள்ளே, முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய கனி இன்னும் கிளையில் தொங்கியது.

“வாடா, ஜெயிச்சவனே. நேத்துக் காலைல தண்ணி ஊத்தும்போது கையில தட்டுப்பட்டா. தடவிப் பாத்தேன். இவதான் என் மஞ்சக்காரி. அப்ப முந்தாநாள் பெட்டில போனவ யாருன்னு யோசிச்சேன். சாசர் இடம் மாறியிருக்கு. நீ நின்ன இடத்துலேருந்து பாத்தா எல்லாம் நல்லா தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சுது.”

“இருமக்கூட இல்லையேடா நீ.”

இருமியிருக்கலாம் என்று நாரிஸ் நினைக்காமலில்லை. விதியில் இருமலைப் பற்றி ஒன்றுமில்லை.

“வெனபிள்ஸ்கிட்டச் சொல்றேன்” என்றார் கடைசியில். “உன் கண்ணைப் பத்திச் சொல்லமாட்டேன். நான் ஏமாத்தினேன்னு மட்டும் சொல்றேன்.”

“எப்படி ஏமாத்தினன்னு கேப்பாங்கல்ல? என்ன சொல்லுவ? முள்ளெலி பேர்ல பழி போடுவியா?”

“அப்ப எடையாவது போட்டுப் பாப்போம். உன் சமையல்கட்டுத் தராசுலயே. எனக்குத் தெரியணும், கிளெம்.”

“என்ன தெரியணும்?”

“எவ்வளவு வித்தியாசம்னு.”

கிளெம் கையை நீட்டி, கிளையைத் தடவி, கனியைக் காம்போடு கிள்ளினார். கத்தரிகூட எடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்கினார்.

“பெரிய கனி சில சமயம் உள்ள பொக்கையா இருக்கும். தோலும் காத்தும்தான் இருக்கும். உனக்கே தெரியும். இவ உன்னோடதவிடக் கனமா இருந்தா நீ திருடன். லேசா இருந்தா நீ என்னை நிஜமாவே ஜெயிச்சவன், பலகைல இருக்கிறதும் சரி. ரெண்டுல ஏதோ ஒண்ண நான் உன் கையில குடுக்கணும், நீ அதோட போய்ப் படுத்துத் தூங்கணும். அப்படித்தான?”

“கிளெம்…”

“ரெண்டையும் தரமாட்டேன். இந்தா, சாப்பிடு.”

“என்னால முடியாது.”

“சாப்பிடுடா. என் முன்னாலயே.”

நாரிஸ் வாங்கினார். கையில் அது கனமாக இருந்ததா என்று நான் கேட்டேன். அவ்வேளையில் தம் கை நடுங்கியதால் எடை தெரியவில்லை என்றார். பிறகு, தெரிந்துகொள்ள அஞ்சியதால் தெரியவில்லை என்று திருத்தினார். தோல் பற்களுக்கிடையே வெடித்தது. சாறு முழங்கை வரை வழிந்தது. ஒரே வாயில் முடிகிற கனியன்று. நாலைந்து கடி கடிக்க வேண்டியிருந்தது. விதைகளையும் விழுங்கினார். கிளெம் அவர் மெல்லும் ஓசையைக் காதால் கேட்டுக்கொண்டு, முகத்தைச் சற்றே திருப்பி உட்கார்ந்திருந்தார்.

“இனிப்பா?”

“இனிப்பு.”

“இருக்கும். சரி, போ. தெல்மா புதுக் கெட்டில்ல டீ போட்டிருப்பா.”

அவ்வளவுதான் நடந்தது. குளிர்காலத்தில் கிளெம் கண்ணுக்கு அறுவை செய்துகொண்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், தாம் பூனையின் தலையில் பாலை ஊற்றிய கதையையெல்லாம் விடுதியில் தாமே சொல்லிச் சிரிக்க வைத்தார். கூஸ்பெரிக் கதையை மட்டும் சொல்லவில்லை. அதன் பின்னும் இருமுறை வென்றார். இருமுறையும் நாரிஸ் டப்பா பிடித்தார். அவ்விரு வரிகளிலும் வினை சரியாகவே நிற்கிறது. தெல்மாவின் கொக்கியில் கெட்டில் தொங்கியது. நாரிஸ் தம் தேநீருக்கு எப்போதும் பழைய அலுமினியக் கெட்டிலையே எடுத்தாராம். செம்பு வாடை பிடிக்கவில்லை என்று தெல்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

கிளெம்மை அடக்கம் செய்த ஆண்டில் நாரிஸ் என்னிடம் வந்து, அந்த வரியை மாற்ற முடியுமா என்று மறுபடியும் கேட்டார். இம்முறை காரணத்தையும் சொன்னார். நான் பலகையின் முன்னே பல நாள் நின்று பார்த்தேன். அந்த வினையை அடித்துவிட்டு எதை எழுதுவது? வென்றார் என்றால் பொய்யாகலாம். திருடினார் என்றாலும் பொய்யாகலாம். உண்மையைத் தெரிவிக்கக்கூடிய ஒரே பொருள் அவர் வயிற்றுக்குள் போய்விட்டது. வாழ்நாள் முழுவதும் பிறர் வாக்கியங்களைத் திருத்தியவன் நான். அந்த ஒரு வரியை எனக்குத் திருத்தத் தெரியவில்லை.

“அப்ப அவர் பேரையாவது மங்காம வச்சுக்குங்க, மாஸ்டர்” என்றார்.

அடுப்புப் புகையில் பலகையின் எழுத்துகள் ஆண்டுதோறும் கறுத்துவிடும். இப்போது புதுப் பலகை வந்தால் நாரிஸ் ஹல்ஸ், முதலிடம் என்று மட்டும் இருக்கும். கிளெமின் பெயர் அந்த வரியில் இராது. யாரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை என்றாகிவிடும். நாரிஸ் இதற்கு ஒப்பியிருக்க மாட்டார். உயிரோடு இருந்த வரை ஒவ்வொரு கோடையிலும், போட்டிக்கு முந்தைய பிற்பகல், கூடம் வெறுமையாக இருக்கும்போது வருவார். நான் ஏணியில் ஏறி, அந்த வரியின் இரண்டாம் பெயரை மட்டும் புதுப்பிப்பேன். ஒரு சிறு கிண்ண அளவு வண்ணமே போதும். அதை நானே ஏணியில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அவர் விடமாட்டார். தழும்பேறிய கட்டைவிரலை விளிம்பில் ஊன்றி, கடைசி எழுத்து முடியும் வரை, டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பார்.